கீறலர் வாங்கிய புது லப்டொப்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த அன்றைக்குக் கீறலர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தால், நாங்கள் எல்லோரும் இன்னும் பிறக்காமல் காத்துக்கொண்டுதான் இருந்திருப்போம். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மூலையை ஒருக்கா வெளிச்சத்திலை பிடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லி உலகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். கடவுளும் வேறொன்றை எடுத்துக் கொடுத்திருப்பார். கொடுக்காமல் என்ன செய்வது? கீறலர் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அங்கேயே குந்திக்கொண்டிருப்பார். அதைத் தாங்கக்கூடிய கடைக்காரனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் ஒரு லொட்ஜ். அதில் அவரும் நானும் ஒரே அறை. சமாதானம் என்று கொஞ்சக் காலம் மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம் அது. லொட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். நான் மருதானையில் ஒரு கணக்காளரின் கந்தோரில் எடுபிடி வேலை செய்துகொண்டு நல்ல வேலைக்குக் காத்திருந்தேன். கீறலர் கனடா விசாவுக்குக் காத்திருந்தார். அவருடைய மனுசி அங்கிருந்து வந்து கலியாணம் கட்டி, வயிற்றில் பிள்ளையோடு திரும்பிப் போய், அவரை ஸ்பொன்சர் பண்ணியிருந்தா. பெண் பிள்ளை பிறந்தது. பேப்பர்கள் மட்டும் நகரவில்லை.

அவருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பீங்கான் கடையில் வேலை. பெட்டி பெட்டியாக வந்திறங்குகிற கோப்பைகளில் வெடிப்பு விழுந்ததைப் பொறுக்கி ஒதுக்குவதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த வேலையை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுசன் அதை லொட்ஜுக்கும் கொண்டுவந்தார். தேநீர் வந்தால் குடிக்கமாட்டார், கோப்பையைத் தட்டிச் சத்தம் கேட்பார். யாராவது புதுச் செருப்பு வாங்கினால் போதும். டோர்ச் லைட்டைச் சரித்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, "ஹா" என்று ஊதி, "தம்பி, குறை நினைக்காதை, இதிலை ஒரு கீறல் கிடக்கு" என்பார். அவர் காட்டும் வரைக்கும் அந்தக் கீறல் இருக்காது. காட்டிய பிறகு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தை அதற்குப் பிறகு கட்டவே மனம் வரவில்லை. படுபாவி!

இப்படித்தான் கீறலர் என்ற பேர் வந்தது. சொந்தப் பேர், லொட்ஜில் தங்குவதற்குக் கொடுத்த பொலிஸ் பதிவில் மட்டும் இருந்தது.

பிறகு ஒரு நாள் காலி வீதியில் குண்டு வெடித்தது. கீறலர் இருந்த பஸ்ஸில் இல்லை, முன்னால் போன பஸ்ஸில். அவருடைய பஸ்ஸின் யன்னல் கண்ணாடி உடைந்து முகத்தில் இழுத்துவிட்டது. இடது காதடியிலிருந்து வாய் ஓரம் வரைக்கும் ஒரு கோடு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாங்கள் எப்படிக் கூப்பிடுவது? பழைய பேர் வாயில் வரவில்லை. "அண்ணை, அண்ணை" என்று மரியாதையாக ஓடித் திரிந்தோம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கோபப்பட்டார்.

"என்னடாப்பா, செத்த வீட்டிலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்? பழைய பேரைச் சொல்லுங்கோ."

சொன்னோம். அவரும் பழையபடி செருப்புப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் மனுசிக்கு மட்டும் விசயத்தைச் சொல்லவில்லை. குண்டு வெடித்த அன்றே தொலைபேசி எடுத்து, "நான் அந்தப் பக்கமே போகேல்லை" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு கனடாவுக்குப் போன படங்களில் எல்லாம் கீறலரின் வலப்பக்கம் மட்டும்தான். கடலைப் பார்க்கிற கீறலர், கோயில் கோபுரத்தைப் பார்க்கிற கீறலர், ஒன்றும் கிடைக்காவிட்டால் லொட்ஜ் கலண்டரைப் பார்க்கிற கீறலர். படம் பிடித்தவன் நான்தான்.

வெளியே போனாலும் அந்தக் கோடு தொல்லைதான். முகத்தில் காயம் உள்ள தமிழன் என்றால் செக்பொயின்டில் நிற்கிறவனுக்கு ஆயிரம் கேள்வி. அதற்காக, கண்ணாடி வெட்டிய காயம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அட்டையை லமினேற் பண்ணிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். லமினேற் பண்ணியதில் காற்றுக் குமிழி ஒன்று நின்றுவிட்டது என்று அதையும் திருப்பிக் கொண்டுபோய் மறுபடி பண்ணுவித்தவர் அவர்.

இந்த நிலையில் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள் நெருங்கியது. "அண்டைக்கு எங்களைக் கமெராவிலை பாக்கத்தான் வேணும், சாட்டுச் சொல்லக் கூடாது" என்று மனுசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. வெள்ளவத்தை முழுக்க இன்டர்நெட் வைத்த கொமியூனிக்கேஷன் கடைகள், எல்லாவற்றிலும் கமெரா இருந்தது. "அங்கை முதுகுக்குப் பின்னாலை பத்துப் பேர் நிண்டு என்ரை பிள்ளையைப் பாப்பாங்கள்" என்று கீறலர் மறுத்தார். மேல் விளிம்பில் குட்டிக் கமெரா வைத்த புது லப்டொப் ஒன்றை வாங்குவதென்று முடிவானது. செருப்புக்கே இந்தப் பாடென்றால் லப்டொப்புக்கு என்ன பாடு?

கடை காலி வீதியில் ஒரு மாடியில் இருந்தது. முஸ்லிம் முதலாளி, எல்லோரும் நானா என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுசன், பாவம். பெட்டியைப் பிரித்துக் காட்டி, ஒரு கிழமைக்குள் பிழை இருந்தால் மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வார்த்தைக்காக அவர் பிறகு எத்தனை தரம் நெஞ்சில் அடித்துக்கொண்டாரோ தெரியாது.

முதல் லப்டொப் ஒரு இரவு எங்கள் அறையில் தங்கியது. கீறலர் யன்னலைச் சாத்தினார். டோர்ச்சை எடுத்தார். பழைய பெனியனால் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். நான் கட்டிலில் இருந்து பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி..."

"இல்லை அண்ணை. சொல்லாதேங்கோ."

"மூடியின்ரை பிணைச்சலுக்குக் கிட்ட. தலைமயிர் அளவு."

விடிந்ததும் கடைக்குப் போனோம். நானா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். "இதுல என்ன குத்தம் ஈக்கி? எனக்கு ஒண்டும் வெளங்குதில்லயே!" என்றார். கீறலர் வாசலில் கிடந்த ஸ்டூலில் குந்தி, கடைக்கு வருகிற ஆட்களுக்கு எல்லாம் மூடியைச் சரித்துக் காட்டத் தொடங்கினார். இரண்டு பேர் வாங்க வந்ததை வாங்காமல் திரும்பிப் போனார்கள். நானா ஓடிவந்து புதுப் பெட்டி ஒன்றைக் கையில் திணித்தார்.

இரண்டாவது லப்டொப்பில் உண்மையாகவே ஒன்றும் இல்லை. கீறலர் தேடித் தேடிக் களைத்துப்போனார். நான் சந்தோஷத்தில், "அண்ணை, புதுச் சாமான், கோயிலிலை வைச்சு எடுப்பம்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்குச் செருப்பால் அடிக்கவேண்டும்! புது வாகனம், புதுக் கடைத் திறப்பு எதுவாக இருந்தாலும் கோயிலில் வைத்து எடுப்பதுதானே எங்கள் வழக்கம். கீறலர் பயந்து பயந்து பெட்டியோடு வந்தார். "ஐயா, பெட்டிக்கு மட்டும் பொட்டு வைச்சால் போதும்" என்று குருக்களிடம் இரண்டு தரம் சொன்னார். குருக்களுக்கு அது பிடிக்கவில்லை. "பெட்டியிலயோ வேலை செய்யப் போறீர்?" என்று கேட்டுக்கொண்டே லப்டொப்பை வெளியே எடுத்து, நடு மூடியில் கும்மென்று ஈரச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், போதாததற்குத் தீர்த்தமும் தெளித்தார். கீறலர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பார்த்தவர்கள் பெரிய பக்தன் என்று நினைத்திருப்பார்கள்.

சந்தனம் காய்ந்து, துடைத்த இடத்தில் வட்டமாக ஒரு மங்கல் விழுந்தது. இந்த முறை எனக்கே தெரிந்தது. கடையில் நானா அதை மணந்து பார்த்தார்.

"அண்ணே, இது எங்கட கடேல வந்த பிழையா, ஒங்கட கோயில்ல வந்த பிழையா? செல்லுங்க பாப்பம்."

கீறலர் ஸ்டூலைப் பார்த்தார். நானா அவசரமாக மூன்றாவது பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவதில், கையை வைக்கிற இடத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சரிவாம். நான் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. "கண்ணுக்குச் சரிவாத் தெரியுதெல்லோ" என்றார். மூடியிலும் ஓரமாக ஒரு கீறலாம். மறுநாள் பிறந்தநாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லப்டொப்பைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். ஆனாலும் போனேன். தனியாக விட்டால் மனுசனைச் செக்பொயின்டில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் பலித்தது. சந்தியில் ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். பெட்டியைத் திறக்கச் சொன்னான். பிறகு, "ஒன் கரன்ன" என்றான். போட்டுக் காட்டட்டாம். கீறலர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தம்பி, பற்றரி அறையிலை."

"என்ன?"

"கழட்டி வைச்சிட்டு வந்தனான். வழியிலை ஆடினால் உள்ளுக்கு உரஞ்சி அடையாளம் விழுமெல்லோ."

ஐயோ, என் கடவுளே! சண்டைக் காலத்துக் கொழும்பில், முகத்தில் வெட்டுக் காயத்தோடு ஒரு யாழ்ப்பாணத்து ஆள், போட்டுக் காட்ட முடியாத ஒரு மெஷினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு செக்பொயின்டில் நிற்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆமிக்காரன் ஓரடி பின்னால் போனான். வரிசையில் நின்றவர்களை விலகச் சொன்னான். துவக்கின் முனையால் மெல்ல மூடியைத் தூக்கப் போனான். அப்போது கீறலர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டார்.

"சீரெனவா மாத்தயா! சீரெனவா!"

கீறல் விழப்போகுது ஐயா என்று. துவக்குக்கு முன்னால் நின்றுகொண்டு!

ஆமிக்காரன் திகைத்துப்போனான். இன்னொருவன் வந்து, என்னைக் காட்டி, ஓடிப்போய்ப் பற்றரியை எடுத்துவரச் சொன்னான். நான் ஓடினேன். அப்படி நான் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் ஓடியதில்லை. ஓடுகிறபோதே மனதுக்குள் எல்லாம் ஓடிற்று: இவரை ஜீப்பில் ஏற்றுவார்கள், பொலிசுக்குப் போகவேண்டும், லோயர் பிடிக்கவேண்டும், கனடாவுக்கு நான்தான் தொலைபேசி எடுத்துச் சொல்லவேண்டும், அந்தப் பிள்ளையின் கேக்கை யார் வெட்டுவது? அழுகை வந்தது. பற்றரி மூன்று உறைக்குள், அதற்கு மேல் சாரத்தில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். சந்தியில் கீறலரைக் காணவில்லை. மூன்று ஆமிக்காரரின் முதுகுதான் தெரிந்தது. போச்சு என்று நினைத்துக் கிட்டப் போனால், அந்த மூன்று முதுகுக்கும் நடுவில் கீறலர் லப்டொப்பை வெயிலுக்குச் சரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாலு பேரும் ஒரு கண்ணை மூடியிருக்கிறார்கள். ஏன் கடைக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் காட்டத் தொடங்கிவிட்டார்.

ஒருவன் திடீரென்று, "ஆ! மெதன, மெதன!" என்று துள்ளினான். இந்தா, இந்த இடத்தில்தான் என்று. கண்டுபிடித்துவிட்டான்! மற்ற இருவரும் அவனைப் பொறாமையோடு பார்த்தார்கள். கீறலர் அவனை மெச்சித் தலையாட்டினார்.

பிறகுதான் அவன் நிமிர்ந்து கீறலரின் முகத்தைப் பார்த்தான். தன் கன்னத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டி, இது என்ன என்று கேட்டான். கீறலர் அட்டையை நீட்டினார். அவன் வாசித்தான். "யன்ன", போகலாம் என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். நான் கொண்டுவந்த பற்றரியை ஒருவரும் கேட்கவில்லை.

சந்தி தாண்டியதும் நான் வெடித்தேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? நாளைக்குப் பிறந்தநாள். உங்களுக்குப் பிள்ளையைப் பாக்க விருப்பமில்லையோ?"

அவர் நடையை நிறுத்தினார்.

"பாக்கலாம் தம்பி. ஆனா அவையளும் என்னைப் பாப்பினமெல்லோ."

இவ்வளவு நாளும் தலைமயிர் அளவுக் கீறலைக் காட்டிக் காட்டி மனுசன் நாளைக் கடத்தியிருக்கிறார். "பிள்ளை பயந்து அழும்" என்றார். "மனுசி முந்தின முகத்தையெல்லோ கட்டினவள்." நான் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி லொட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நானாவின் கடைக்குப் போகவில்லை.

மறுநாள் அங்கே காலை, இங்கே பொழுதுபட்ட நேரம். லொட்ஜில் இன்டர்நெட், மனேஜரின் அறையில் மட்டும்தான் இருந்தது. மனேஜர் ஹற்றன் பக்கத்து ஆள், இரக்கக்காரர். மேசையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் முழு லொட்ஜும் நின்றது. பத்துப் பேர் பார்ப்பார்கள் என்று கொமியூனிக்கேஷனுக்குப் போகாத மனுசனுக்கு முப்பது பேர்!

கீறலர் வெள்ளைச் சட்டை போட்டு, கதிரையைக் குறுக்கே திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். லப்டொப்புக்கு வலப்பக்கம். திரையில் சதுரம் சதுரமாக ஏதோ அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. ஒரு பெண்ணும் மடியில் ஒரு பிள்ளையும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"என்னப்பா, ஆரைப் பாக்கிறியள்? இஞ்சை பாருங்கோவன்."

"கழுத்துப் பிடிச்சுப் போச்சு."

"கழுத்தோ? எப்ப துவக்கம்?"

"காலமை."

மனேஜருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நேரா பாருங்கண்ணே. புள்ள ஒங்களத்தானே தேடுது" என்றார். கீறலர் அசையவில்லை. கடைக்கண்ணால் மட்டும் பிள்ளையைப் பார்த்தார். அந்தக் கடைக்கண்ணில் தண்ணீர் நின்றதை நான் கண்டேன். இப்படியே முடிந்துவிடும், பிள்ளையை நேரே பார்க்காமலே பிறந்தநாள் போய்விடும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் படம் ஒரு கணம் தெளிந்தது. கீறலர் துள்ளி எழும்பினார்.

"அசையாதை! பிள்ளையை அப்பிடியே பிடி!"

முகம் முழுவதையும் கமெராவுக்குள் கொடுத்துவிட்டார். "பிள்ளையின்ரை நாடியிலை என்ன அது?"

எங்களுக்கு நாடி எது, மூக்கு எது என்றே தெரியவில்லை.

"ஒண்டுமில்லையப்பா."

"எனக்குச் சொல்லாதை! கீறல். நாடிக்குக் கீழை, இடப்பக்கம்."

பிறகு மெல்ல, "போன கிழமை கட்டில் கரையிலை இடிபட்டது. நீங்கள் தாங்கமாட்டியள் எண்டுதான் சொல்லேல்லை" என்று வந்தது.

"இவ்வளவு பெரிய விசயத்தை எனக்கு மறைச்சிட்டியோ?"

தன் இடது கன்னமும் கமெராவுக்குள் போய்விட்டது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. திரையில் மனுசியின் முகம் கிட்டக் கிட்ட வந்தது.

"என்னப்பா... உங்கடை முகத்திலை என்ன?"

கீறலரின் கை கன்னத்துக்குப் போனது. மனுசி கண்டுவிட்ட கன்னத்தை இனி மூடி என்ன பயன்?

"அது... ஒரு சின்னக் கீறல்" என்றார். தலைமயிர் அளவுக் கோட்டுக்கே ஊரைக் கூட்டுகிற மனுசன் சின்னக் கீறல் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மனுசி விடவில்லை. எப்போது, எங்கே, எப்படி என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் கக்க வைத்தா. கடைசியில் அழத் தொடங்கிவிட்டா.

"எல்லாப் படமும் ஒரு பக்கம். எனக்கு என்ன நினைப்பு வரும்? ஒரு கண் போட்டுதெண்டு நினைச்சிட்டன். கேக்கப் பயத்திலை கேக்காமல் இருந்தனான். எத்தினை நாள் நித்திரையில்லை தெரியுமே?"

"கண் இருக்கு! ரெண்டும் இருக்கு!" கீறலர் இரண்டு கண்ணையும் அகல விரித்து மாறி மாறிக் கமெராவுக்குக் காட்டினார். வாசலில் யாரோ சிரிக்க, மனேஜர் அதட்டினார்.

மனுசி கண்ணைத் துடைத்தா. "லைற்றுக்குத் திரும்புங்கோ" என்றா. திரும்பினார். "இன்னும் கொஞ்சம். கிட்ட வாங்கோ." மனேஜர் மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தார். மனுசி தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, காதடியிலிருந்து வாய் ஓரம் வரைக்கும் பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. சாமானை இப்படிப் பார்த்தால் அடுத்து என்ன நடக்கும் என்று கீறலரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவருடைய மகள் இது எதையும் கவனிக்காமல், கையில் அகப்பட்ட கேக்கை அங்கே திரையில் பூசிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லை" என்றா மனுசி கடைசியில். "இதை மாத்தத் தேவையில்லை."

லொட்ஜே கூரை பறக்கச் சிரித்தது. கீறலர் மட்டும் மேசையில் தலையைக் கவிழ்த்து விம்மி விம்மி அழுதார். நான் பக்கத்தில் நின்று அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவரோடு அத்தனை காலம் ஒரே அறையில் படுத்தெழும்பியவன் நான். பயங்கரமாகக் குறட்டை விடுவார். என்னைக் கேட்டிருந்தால் நானும் அவரை மாற்றச் சொல்லியிருக்கமாட்டேன்.